தொடர்பு இல்லையென்றால் தேடிப் போ

ஜூன் 3, செவ்வாய்

வாலு,

இதை மருந்து வேன் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். நேற்று அதுதானே நடந்தது? வேன் செவ்வாய்க்கிழமை இங்கிருந்து கிளம்புகிறது, வெள்ளிக்கிழமை அங்கிருந்து திரும்புகிறது. இனி நமக்குள் பேச்சு அதன் வழியாகத்தான்.

நேற்று என்ன ஆயிற்று என்று நீ முழுதாகக் கேட்கவே இல்லை. கேள். மேட்டுக் குடியிருப்பில் ஓய்வுபெற்ற லாரிக்காரர் ஒருவர் இருக்கிறார். இதயம் பலவீனம். போன வாரம்தான் டாக்டர் மாத்திரை அளவை மாற்றினார். புது அளவு, நீங்கள் கொடுத்த டேப்லெட் கணினியில் இருக்கிறது. காலையிலிருந்து நான்கு வீடு முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய், கையைக் கழுவி, பிரஷர் பார்த்துவிட்டு டேப்லெட்டை எடுக்கிறேன், கறுப்பாகிவிட்டது. "பாதுகாப்புக்காகப் பூட்டப்பட்டுள்ளது. திறக்கத் தலைமை அலுவலகத்தை அழைக்கவும்" என்று ஓர் எண். அங்கே சிக்னலே கிடையாது என்பதால்தான் அது பூட்டிக்கொண்டது. சிக்னல் இல்லாத இடத்தில் யாரை அழைப்பது? எந்தப் புண்ணியவான் யோசித்த யோசனை இது?

நான் கையைப் பிசைவதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "என்னம்மா ஆச்சு?"

"டேப்லெட் பூட்டிக்கிச்சுங்க."

"மாத்திரை எப்படிம்மா பூட்டிக்கும்?"

சிரிப்பு வந்தாலும் சிரிக்க முடியவில்லை. நாற்பது நிமிடம் இறங்கி, சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு வந்து, உன்னை அழைத்தால் நீ சொன்னாய்: "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணி." திறக்கும் எண்ணைக் கொடுத்தாய், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரல்! எங்கள் வீட்டில் இரண்டு வருடம் தங்கிப் படித்தவளின் குரலா அது?

என் பதினான்கு நர்ஸ்களில் ஒன்பது பேருக்கு நேற்று இதே கதி. பதில் எழுது.

அண்ணி

*

ஜூன் 6, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மதியம் சாப்பிடாமல் படித்தேன். சாப்பிட்டுவிட்டுப் படித்திருக்கலாம்.

முதலில் என் பக்கம். போன வருடம் வேறொரு கிளையில் ஒரு டேப்லெட்டைப் பஸ்ஸில் விட்டுவிட்டார்கள். அதில் இருநூறு நோயாளிகளின் விவரம். அது திரும்பக் கிடைக்கும்வரை மேலாளர் சரியாகத் தூங்கவில்லை. பிறகுதான் இந்த மென்பொருளை வாங்கினார்கள். என் மேசையிலிருந்து நூற்று அறுபது டேப்லெட்டுகளையும் பார்க்கலாம், பூட்டலாம், முழுதாக அழிக்கலாம். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பதால் விதி எழுதி வைக்கிறோம். இது நடந்தால், இவ்வளவு நேரம் பொறு, இன்னாருக்குச் சொல், இதைச் செய். நான் எழுதிய, இந்தத் திங்கட்கிழமை ஓடத் தொடங்கிய முதல் விதியே இதுதான்: நான்கு மணி நேரம் அலுவலகத்தோடு தொடர்பு இல்லையென்றால் தானாகப் பூட்டிக்கொள். பஸ்ஸில் தொலைந்தவற்றுக்கு அது சரியான விதி. உங்கள் மலைக்கும் அது போய்ச் சேரும் என்று நினைக்கவில்லை. அதுதான் உண்மை.

இன்னொன்று. நான் போனை வைத்தது கோபத்தில் இல்லை. "நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு ஊரைப் பூட்டுறவளுக்கு என்ன தெரியும்" என்றீர்கள். ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் அழுதுவிடுவேனோ என்று வைத்துவிட்டேன்.

லாரிக்காரர் எப்படி இருக்கிறார்?

வாலு

*

ஜூன் 10, செவ்வாய்

வாலு,

லாரிக்காரர் நன்றாக இருக்கிறார். "பூட்டிக்கிற மாத்திரை" என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே "திறந்துருச்சா?" என்று கேட்கிறார்கள்.

ஸ்பீக்கர் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான், இன்னும் கோபம் ஆறவில்லை. ஏன் தெரியுமா? பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாயே தவிர மாற்றுகிறேன் என்று ஒரு வார்த்தை உன் கடிதத்தில் இல்லை.

அதனால் நானே ஒரு காரியம் செய்தேன். சனிக்கிழமை பதினான்கு டேப்லெட்டையும் வாங்கி, அணைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு மருந்து அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். இப்போது நோட்டில் எழுதுகிறோம். பேனா பூட்டிக்கொள்வதில்லை.

எங்கள் வழியை நீ பார்த்ததில்லை. சொல்கிறேன். கிளையிலிருந்து கல் குவாரி வரை சிக்னல் உண்டு. குவாரியைத் தாண்டி மூன்றாவது வளைவில் செத்துவிடும். அதற்கு மேல் பதினோரு வீடு. சில நாள் ஒன்றரை மணி நேரத்தில் திரும்புவோம், சில நாள் ஐந்து மணி நேரம் ஆகும். ஏரிப் பக்கம் படகில் போக வேண்டும். அந்தப் பக்கம் எனக்கே திசை தெரியாது, படகுக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு.

உன் அண்ணனிடம் கேட்டேன், யார் பக்கம் என்று. "எனக்கு ரெண்டு பேரும் வேணும். நான் வாயே திறக்கல" என்று துணி மடிக்கப் போய்விட்டார்.

அண்ணி

*

ஜூன் 13, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

டின்னா! இங்கே ஒரு வாரமாக என் திரை மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து கிடக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்குப் பதினான்கு எச்சரிக்கைகள். "காணவில்லை, காணவில்லை, காணவில்லை." திருடர் கூட்டமே வந்துவிட்டதோ என்று பயந்தேன்.

இனி சிரிப்பில்லாத செய்தி. மேலாளர் என் திரையைப் பார்த்துவிட்டார். "அந்தக் கிளையில என்ன நடக்குது? யாரு அணைச்சது? ரிப்போர்ட் எழுதிக் கொடும்மா" என்றார். அணைத்தவர் மேல் நடவடிக்கை வரும். தலைமை நர்ஸ் பொறுப்பே போகலாம். அவருக்கு நீங்கள் என் அண்ணி என்று தெரியாது. புதன்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களைக் காப்பாற்றப் பொய் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு உங்கள் வழியைப் பற்றி எழுதிய பத்தியைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது வளைவு. பதினோரு வீடு. படகு. இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. விதி எழுதும் முன் உங்களை ஒரு தடவை கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மற்றவர்கள் கிளையைக் கேட்காததற்குச் சாக்கு இருக்கிறது. எனக்கு என்ன சாக்கு? நான் உங்கள் வீட்டுப் பெண்.

என்னை மன்னியுங்கள் அண்ணி. டின்னைத் திறங்கள். அதோடு, உங்களுக்கு என்ன விதிகள் வேண்டும் என்று எழுதுங்கள். கணினி மொழி வேண்டாம். "இது நடந்தால் இதைச் செய்" என்று பேசுகிற மாதிரி எழுதினால் போதும். திரையில் ஏற்றுவது என் வேலை.

வாலு

*

ஜூன் 17, செவ்வாய்

வாலுக்குட்டி,

மன்னிப்பு என்றெல்லாம் எழுதி என்னை மூக்குச் சிந்த வைத்துவிட்டாய். டின்னைத் திறந்தாயிற்று. உனக்காக ஞாயிற்றுக்கிழமை எல்லா நர்ஸ்களையும் கூட்டி உட்கார வைத்தேன். சந்தைக்கடை தோற்றது. சேர்த்து எழுதுகிறேன்.

நோயாளி வீட்டில் இருக்கும்போது எதுவும் தானாகப் பூட்டக் கூடாது. பூட்டியே ஆக வேண்டும் என்றால் முதலில் எனக்குச் சொல், அரை மணி பொறு, நான் சரி என்றால் பூட்டு. பேட்டரி இருபதுக்குக் கீழே போனால் நர்ஸுக்கு மணி அடிக்காதே. அவள் கையில் ஊசி இருக்கும், திடுக்கிடுவாள். எனக்குச் சொல். ஆனால் கடவுச்சொல்லை ஐந்து தடவை யாராவது தப்பாகப் போட்டால் ஊரே கேட்கிற மாதிரி கத்து. அது பேரப் பிள்ளைகள் வேலையாகத்தான் இருக்கும், இருந்தாலும் கத்து. மருந்து அளவும் சிகிச்சைக் குறிப்புகளும் சிக்னல் இல்லாமலே திறக்க வேண்டும். இதை மட்டும் சிவப்பு மையில் எழுதிக்கொள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னது நெட்டை. உனக்கு அவளைத் தெரியாது, மூன்று மாதம் முன்புதான் சேர்ந்தாள். அதற்கு முன் பத்து வருடம் கண் ஆஸ்பத்திரியில் இருந்தவள். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், அதனால் அந்தப் பெயர். அவள் சொன்னாள்: "தொடர்பு போச்சுன்னா அது என்னைப் பூட்டுது. என்னைத் தேட மாட்டேங்குதே அக்கா?"

தினமும் பெண்கள் தனியாகப் போகிற வழி அது. டேப்லெட் காணாமல் போவதைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறோம். ஆள் காணாமல் போனால்?

இதற்கு விதி எழுத முடியுமா உன்னால்?

அண்ணி

*

ஜூன் 20, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

முடியும்! வரும் திங்கட்கிழமையிலிருந்து ஓடும் பாருங்கள்.

நெட்டை அக்காவிடம் சொல்லுங்கள், அவர் கேள்வியை ஒரு தாளில் எழுதி என் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். வேடிக்கை என்ன தெரியுமா? நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பழைய விதியையே திறந்தேன். "தொடர்பு இல்லையென்றால்" என்ற பாதி அப்படியே இருக்கிறது. "பூட்டு" என்ற பாதியை எடுத்துவிட்டு, "தலைமை நர்ஸுக்கும் ஓட்டுநருக்கும் போன் செய், கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டு" என்று போட்டேன். பொறுக்கும் அளவு இரண்டு மணி நேரம். நர்ஸ் கிளம்பும் முன் "இன்று நேரமாகும்" என்று ஒரு பொத்தானை அமுக்கினால் ஐந்து மணி நேரமாக மாறிவிடும். ஏரியில் டேப்லெட் அசையாமல் நின்றால் உடனே போன் செய் என்றும் ஒரு விதி சேர்த்தேன். பூட்டுவது பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, அதுவும் உங்களைக் கேட்டுத்தான். முதலில் என்னிடம் இருக்கும் இரண்டு பழைய டேப்லெட்டுகளில் சோதித்தேன். ஒன்றை இரும்பு அலமாரிக்குள் அடைத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். போன் அடித்ததும் துள்ளிக் குதித்தேன். பக்கத்து மேசைக்காரர் "லாட்டரியா?" என்றார்.

ரிப்போர்ட் புதன்கிழமை கொடுத்துவிட்டேன். பொய் எழுதவில்லை. டேப்லெட்டுகளை அணைத்தது தலைமை நர்ஸ். அணைக்கக் காரணம், கள நிலைமை தெரியாமல் நான் எழுதிய விதி. அவர் என் அண்ணன் மனைவி. நடவடிக்கை எடுப்பதானால் என்னிலிருந்து தொடங்குங்கள். இப்படி நான்கு வரி. மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். "ஒரு மாசம் உங்க விதி ஓடட்டும். அப்புறம் பேசுவோம். ரெண்டு பேரையும் சேர்த்துப் பேசுவோம்" என்றார்.

ஒரு மாதம் இருக்கிறது அண்ணி.

வாலு

*

ஜூன் 24, செவ்வாய்

வாலுக்குட்டி,

ரிப்போர்ட்டைப் பற்றி நீ எழுதியதை உன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். மடித்துக்கொண்டிருந்த சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதை மறுபடியும் துவைக்க வேண்டியதாயிற்று.

இனி உன் விதிகளின் லட்சணத்தைக் கேள். நேற்று முதல் நாள். ஒன்பதரைக்கு முதல் போன். "ஏரியின் நடுவில் ஒரு டேப்லெட் அசையாமல் உள்ளது." நெஞ்சு நின்றே போயிற்று. ஓடிப் போய்ப் பார்த்தால் படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டு எங்கள் நர்ஸிடம் மூட்டு வலியைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினொன்றுக்கு இன்னொரு போன். நம் வேன் ஓட்டுநரும் பதறிப்போய் வந்தார். குவாரி வழியில் ஒரு நர்ஸ் இரண்டு மணி நேரமாகக் காணோம். பொத்தானை அமுக்க மறந்திருக்கிறாள். அவள் வந்து இறங்கியதும் ஓட்டுநர் கும்பிட்டுச் சொன்னார்: "அம்மா, எனக்கும் இதயம்னு ஒண்ணு இருக்கு. லாரிக்காரர் லிஸ்ட்ல என்னையும் சேர்த்துடாதீங்க."

மதியம் கடவுச்சொல் விதி. ஒரு வீட்டில் நான்கு வயதுப் பேத்தி ஐந்து தடவை தப்பாகத் தட்ட, டேப்லெட் அலறிய அலறலில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த தாத்தா எழுந்து நின்றுவிட்டாராம். பத்து நாளாக எங்களால் முடியாத காரியம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மாலை நெட்டை என்னிடம் வந்து, "அக்கா, இன்னைக்கு வளைவு தாண்டும்போது பயமா இல்ல" என்றாள். இத்தனை நாள் பயந்தபடியா போயிருக்கிறாள்? எனக்குத் தெரியவே தெரியாது.

அண்ணி

*

ஜூன் 27, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

சத்தம் போட்டுச் சிரித்து மாட்டிக்கொண்டேன். படித்துக் காட்டு என்று எல்லோரும் சூழ்ந்துவிட்டார்கள். அலுவலகமே இப்போது படகுக்காரரின் மூட்டு வலியை விசாரிக்கிறது.

ஏரியில் அசையாமல் இருந்தால் நாற்பது நிமிடம் பொறுக்கும்படி மாற்றிவிட்டேன். பொத்தானை மறந்தால் வளைவுக்கு முன்பே டேப்லெட் மெல்ல ஒரு தடவை அதிரும், சத்தம் வராது. தாத்தா வீட்டு விதியை மட்டும் தொடவில்லை. அது வைத்தியம்.

ஒரே கவலை. ஒரு வாரத்தில் ஏழு எச்சரிக்கை, ஏழும் சும்மா. மேலாளர் எண்ணிக்கொண்டே வருகிறார். "ஆளை ஓட விடுறதுதான் மிச்சமா?" என்று நேற்று கேட்டார். இன்னும் பத்து சும்மா வந்தால் நீங்களே போனை எடுக்க மாட்டீர்கள் என்கிறார். அது சரியான பேச்சுதான். அதனால் கேட்கிறேன் அண்ணி: எட்டாவது தடவையும் போவீர்களா?

வாலு

*

ஜூலை 1, செவ்வாய்

வாலு, என் தங்கமே,

எட்டாவது தடவையும் போனேன்.

நேற்றுக் காலை நெட்டை எட்டு மணிக்கு மூன்றாவது வளைவைத் தாண்டினாள். பொத்தானை அமுக்கவில்லை, சீக்கிரம் வரவேண்டிய நாள். சரியாகப் பத்து மணிக்கு எனக்கும் ஓட்டுநருக்கும் போன். நான் மருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு குரல் சொன்னது, இதுவும் மூட்டு வலியாகத்தான் இருக்கும் என்று. உன் கடைசி வரி நினைவுக்கு வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் ஐந்தாவது வளைவில் மண் சரிந்து கிடந்தது. சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகைக் கார், சேற்றில் அச்சுவரை இறங்கி நிற்கிறது. இந்தப் பக்கம் நெட்டையின் ஸ்கூட்டர். மண்மேட்டின் மேல் ஏறி இறங்கிப் போய்ப் பார்த்தால், காரின் பின் சீட்டில் நிறை மாதப் பெண் ஒருத்தி வலியில் துடிக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். காரை ஓட்டி வந்த புருஷன் சிக்னல் தேடித் திசை தெரியாமல் மேலே ஓடியிருக்கிறான். நெட்டை பாதி உடம்பு காருக்கு வெளியே, மழைக்கோட்டை விரித்து, முன் சீட்டில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துப் பிரசவக் குறிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறாள். சிக்னல் இல்லாமலே திறந்திருக்கிறது! என்னைப் பார்த்ததும் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

"அக்கா, எனக்குக் கண்ணு மட்டும்தான் தெரியும்!"

"இதுக்கும் கண்ணு வேணும், விடு. எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி?"

டேப்லெட்டில் குறித்து வைத்திருந்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. நான் தலைமாட்டில் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன், நம் வேன் ஓட்டுநர் வெளியே தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தபடி மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார், கடைசிவரை நெட்டைதான் செய்தாள். பன்னிரண்டு பத்துக்குப் பெண் குழந்தை. முதலில் அழவில்லை. நெட்டை கால் பாதத்தைத் தேய்த்தாள், முதுகைத் தேய்த்தாள், என் உயிர் என்னிடம் இல்லை. அப்புறம் அழுதது பார், அந்தக் குவாரியே எதிரொலித்தது. புருஷன் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடித்து ஓடி வந்தான்.

நான்கு மணி நேர விதி இருந்திருந்தால் அந்த டேப்லெட் சரியாகப் பன்னிரண்டுக்குப் பூட்டிக்கொண்டிருக்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். இல்லை, உன் மேலாளருக்கும் தெரியட்டும்.

தார்ப்பாயிலேயே தூக்கி மண்மேட்டைத் தாண்டி, வேனில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், தாயும் பிள்ளையும் நலம். நெட்டை இன்றைக்குத் தலையை எதிலும் இடித்துக்கொள்ளவில்லை, மிதந்துகொண்டிருக்கிறாள்.

உன் அண்ணி

*

ஜூலை 4, வெள்ளி

அண்ணி, அண்ணி, அண்ணி!

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த எச்சரிக்கை என் திரையிலும் வந்தது. உங்கள் டேப்லெட்டும் பத்து நாற்பதுக்குக் காணாமல் போனபோது நான் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டேன். ஒன்றரைக்கு இரண்டும் ஒன்றாகத் திரும்பி வந்தன. இரண்டு பச்சைப் புள்ளிகள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அந்தப் புள்ளிகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. போன் செய்து கேட்கவும் பயம், உங்கள் கடிதம் வந்துதான் தெரிந்தது. படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், பிறகு மேலாளர் அறைக்குப் போனேன்.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நடவடிக்கைக் கோப்பை எடுத்துக் கிழித்துக் கூடையில் போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சபாஷ்! மிச்சம் பதினோரு கிளைக்கும் இதே விதியை இன்னைக்கே போட்டுடும்மா. ஒரு கிளிக்தானே?" என்றார்.

ஆமாம், ஒரு கிளிக்தான். ஜூன் மாதமாக இருந்தால் பெருமையோடு அமுக்கியிருப்பேன்.

"முடியாது சார்" என்றேன். என் வாயா என்று எனக்கே ஆச்சரியம். "அங்கெல்லாம் எங்க சிக்னல் போகுது, எங்க படகு, எங்க சுரங்கப் பாதைன்னு எனக்குத் தெரியாது. போய் நடந்து பார்த்துட்டு, அவங்களைக் கேட்டுட்டுத்தான் எழுதுவேன்."

கண்ணாடி கழன்றது, மாட்டப்பட்டது.

"எத்தனை நாள் வேணும்?"

"கிளைக்கு நாலு நாள் சார்."

"அப்போ உன் நாற்காலி?"

"காலியா இருக்கட்டும் சார். கொஞ்ச நாள்."

சிரித்துவிட்டார் அண்ணி! எழுதிக் கொடு, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். முதல் நான்கு நாள் உங்கள் கிளைக்குத்தான். அடுத்த வெள்ளி வேனில் வருகிறேன்.

வாலு

*

ஜூலை 8, செவ்வாய்

வாலுக்குட்டி,

வா. நாற்காலியைப் பற்றி நான் சொன்னதை மேலாளரிடமே திருப்பி அடித்துவிட்டாய், கெட்டிக்காரி. அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நேரில் சொன்னால் உன் அண்ணன் நடுவில் நின்று துணி மடிப்பார், அதனால் எழுதியே சொல்கிறேன்: தப்பு என்னுடையது.

நேற்று அந்தத் தாய் குழந்தையோடு எடை பார்க்க வந்தாள். பதினான்கு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றோம். மூன்று கிலோ இருநூறு. தூக்கிக்கொண்ட நெட்டையின் புது யூனிபார்மைக் குழந்தை நனைத்துவிட்டது. அவள் மாற்றிக்கொள்ளவே இல்லை, நாள் முழுக்க அப்படியே திரிந்தாள். "எங்களைத் தேடச் சொன்னவங்க யாரு?" என்று அந்தப் பெண் கேட்டாள். என் நாத்தனார் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன், பக்கத்து அறை வரை கேட்டிருக்கும்.

உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். மழைக்கோட்டு இங்கே இருக்கிறது, நல்ல ஷூ மட்டும் கொண்டு வா, மலையில் செருப்பு நிற்காது. வேனில் முன் சீட்டைப் பிடித்துக்கொள். பின்னால் உட்கார்ந்தால் மருந்துப் பெட்டியெல்லாம் உன் மடியில்தான் விழும்.

அண்ணி